போட்ட சத்தம் கடலோடு போகும்

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் பாம்பன் தீவின் குந்துகால் பக்கத்துப் பையன் ஒருவன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். இறால் கம்பெனியில் வேலை பார்த்தவன். முகம் வாடிக் கிடந்தது, கண்ணில் மட்டும் கோபம் குறையவில்லை.

“ஐயா, என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. நேரா ஹைகோர்ட்டுக்குப் போகப் போறேன். ஜட்ஜையா முன்னாடி நின்னு நடந்ததை எல்லாம் சொல்லிடுறேன்.”

“நிறுத்துறதுக்கு முன்னாடி விளக்கம் கேட்டாங்களா தம்பி?”

“கேட்டாங்க.”

“நீ என்ன எழுதிக் குடுத்தே?”

“எழுத்தெல்லாம் இல்லைங்கய்யா. நல்லா சத்தம் போட்டுட்டு வந்துட்டேன்.”

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. 1993-இல் நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்று எனக்கு நாற்பது வயது. மண்டபம் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் பதினைந்து வருடமாகக் கம்ப்ரசர் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி ஷிப்டில் நாற்பது ஐஸ் பார் சீட்டில்லாமல் ஒரு விசைப்படகுக்குப் போய்விட்டது, அதை விற்றுப் பணத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்று சார்ஜ் மெமோ வந்தது. ஏற்றச் சொன்னது மேலாளர். வாய்வார்த்தையாகச் சொன்னார். அதுதான் உண்மை.

கம்பெனிக்குள்ளேயே விசாரணை வைத்தார்கள். முதல் நாள் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள், “நீ எடுத்த பணம்” என்று அந்த விசாரணை அதிகாரி பேச்சைத் தொடங்கியதும் எனக்கு இரத்தம் கொதித்தது. மேசையைத் தட்டினேன், கத்தினேன், கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வெளியே நின்ற கூட்டாளிகள் என்னை வீரன் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். அன்றிரவு கூப்பிட்டனுப்பினார். நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். “தம்பி, நீ போட்ட சத்தம் கடலோட போச்சு. எழுதுனது மட்டும்தான் இந்தத் தீவைத் தாண்டும். உனக்கு என்ன வேணும்னு இதுல எழுது” என்றார்.

எழுதினேன். அந்த இரவின் டெலிவரி சீட்டுப் புத்தகத்தை எனக்குக் காட்ட வேண்டும். கம்ப்ரசர் லாக் புக்கைக் கொண்டுவர வேண்டும். மேலாளரை நான் கேள்வி கேட்க அனுமதிக்க வேண்டும். விசாரணையில் பாதியில் எழுந்து போனது தவறு, அடுத்த நாள் எப்போது என்று சொன்னால் வந்து கலந்துகொள்கிறேன். மொத்தம் பதினோரு வரி. மறுநாள் காலை பாம்பன் தபாலாபீசில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டேன். கம்பெனி முத்திரையோடு அட்டை திரும்பி வந்தது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் டிஸ்மிஸ் உத்தரவு வந்தது.

அந்தப் பதினோரு வரிதான் பின்னால் பதினான்கு வருடம் என்னைத் தாங்கியது.

மேல்முறையீடு என்றால் என்ன என்று நம் ஊரில் பலருக்கும் ஒரு நினைப்பு உண்டு. கீழே தோற்றால் மேலே போய் முதலிலிருந்து கதையைச் சொல்லலாம், பெரிய கோர்ட்டில் பெரிய நியாயம் கிடைக்கும் என்பது அந்த நினைப்பு. எனக்கும் இருந்தது. படிப்படியாக ஏறித்தான் அது தப்பென்று அறிந்தேன்.

என் காலத்து முறையில் முதல் படி சமரச அலுவலர், அதாவது லேபர் ஆபீஸ். அங்கே பேசிப் பார்த்தும் ஒத்துவராவிட்டால் முறிவறிக்கை கொடுப்பார். அடுத்தது லேபர் கோர்ட். ஒரு காலத்தில் அரசாங்கம் பார்த்து வழக்கை அனுப்பினால்தான் லேபர் கோர்ட் அதைத் தொடமுடியும். தமிழ்நாட்டில் 1988-இல் சட்டத்தைத் திருத்தி, வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி முறிவறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தானே நேராகப் போகலாம் என்று ஆக்கினார்கள். நாடு முழுவதற்கும் அப்படி ஒரு வழி 2010-இல்தான் வந்தது. அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

உண்மையில் உன் கதையைக் கேட்கிற இடம் இந்த லேபர் கோர்ட்தான். சாட்சிக்கூண்டில் நீ ஏறுவதும், மேலாளர் குறுக்குவிசாரணைக்கு நிற்பதும், காகிதங்களுக்கு எண் போடுவதும் இங்கேதான். 1971 டிசம்பரில் அன்றைய தொழில் தகராறு சட்டத்தில் 11-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். குற்றம் நிரூபணமானால்கூட அந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை அதிகம் என்று தோன்றினால் லேபர் கோர்ட் அதைக் குறைக்கலாம், ஆளைத் திரும்ப வேலையில் வைக்கச் சொல்லலாம். இவ்வளவு அகலமான அதிகாரம் ஏணியின் மேல்படியில் இருப்பவர்களுக்குக்கூட வழக்கமாக இல்லை. கீழ்க்கோர்ட்தானே என்று அதை அலட்சியம் செய்கிறவன் தன் வீட்டு வாசலைத் தானே அடைக்கிறான்.

மதுரை லேபர் கோர்ட்டில் ஐந்து வருடம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடியற்காலை பஸ் பிடித்து, பாம்பன் பாலம் கடந்து, ஏறக்குறைய 170 கிலோமீட்டர் போய்த் திரும்புவேன். விசாரணையை நான்தான் புறக்கணித்தேன், இனி குறை சொல்ல உரிமையில்லை என்று கம்பெனி வக்கீல் வாதாடினார். என் வக்கீல் அந்தக் கடிதத்தின் நகலையும் ஒப்புகை அட்டையையும் நீட்டினார். அதற்கு டபிள்யூ-7 என்று எண் போட்டார்கள். கேட்ட புத்தகத்தைக் காட்டவில்லை, கேள்வி கேட்க விடவில்லை, அதனால் உள்விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று கோர்ட் முடிவு செய்தது. அப்படி முடிவானாலும் குற்றத்தை நேரடியாகக் கோர்ட்டிலேயே நிரூபிக்க நிர்வாகத்துக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. கொடுத்தார்கள். அப்போதும் சீட்டுப் புத்தகம் வரவில்லை. 1998-இல் தீர்ப்பு வந்தது. தொடர்பணியோடு மீண்டும் வேலை, பாதிப் பின்னூதியம், அதாவது வெளியில் இருந்த காலத்துச் சம்பளத்தில் பாதி.

முடிந்தது என்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அடுத்த வருடமே சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

லேபர் கோர்ட் தீர்ப்பின் மேல் வழக்கமான அப்பீல் கிடையாது. அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுதான் போடவேண்டும். முதலில் ஒரு தனி நீதிபதி கேட்பார். அவர் தீர்ப்பு ஒத்துக்கொள்ள முடியாததாக இருந்தால் 30 நாளுக்குள் இரண்டு நீதிபதிகள் அமர்வில் ரிட் அப்பீல். அதற்கும் மேலே 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு. ஏணியின் வரைபடம் இவ்வளவுதான். ஆனால் ஏற ஏற அகலம் குறைந்துகொண்டே போகும் ஏணி இது.

ராத்திரி ரயிலேறி எழும்பூரில் இறங்கி, துவைத்த வேட்டியோடு அந்தச் சிவப்புக் கட்டிடத்துக்குள் போனேன். நீதிபதி என்னைக் கூப்பிடுவார், நாற்பது ஐஸ் பார் கதையை ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும் என்று ரயிலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வழக்கு எண்ணைப் படித்தார்கள். பத்து நிமிடம் இங்கிலீஷில் பேசினார்கள். தள்ளிவைத்தார்கள். என் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. வராந்தாவில் வந்து நின்றபோது அவமானமாக இருந்தது. வக்கீல் தோளில் கைவைத்துச் சொன்னார்: “அண்ணே, இங்க நீங்க சாட்சி இல்லை. உங்க காகிதம்தான் சாட்சி.”

அதன் பொருளைப் பிறகு எனக்கு விளக்கினார். 1963-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்ன சையத் யாகூப் வழக்கு என்று ஒன்று. நம் மாநிலத்து வழக்குதான். சென்னை-சிதம்பரம் பஸ் பெர்மிட் யாருக்கு என்கிற சண்டை. அதில் சொன்னது இன்றைக்கும் நிற்கிறது. ரிட் மனுவைக் கேட்கும் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோட உட்காராது. கீழே இருந்த மன்றம் அதிகாரம் இல்லாமல் செய்ததா, ஒரு தரப்பைக் கேட்காமல் விட்டதா, ஆதாரமே இல்லாமல் முடிவுக்கு வந்ததா, ஏட்டைப் பார்த்ததும் தெரிகிற சட்டப்பிழை உண்டா என்றுதான் பார்க்கும். சாட்சியம் போதுமா போதாதா என்பது கீழ்மன்றத்தின் வேலை.

இது நம் நாட்டுக்கு மட்டுமான வழக்கம் இல்லை. தலைமன்னாருக்கு அப்பால் இலங்கையில் தொழில் நியாயசபையின் முடிவை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் சட்டக்கேள்வியைத்தான் எழுப்பமுடியும். லண்டனில் வேலை தீர்ப்பாயத்தில் தோற்றவருக்கு 42 நாள் கெடு. அங்கேயும் மேலே ஏறுவது சட்டக்கேள்விதான். கடல் எதுவானாலும் நியதி ஒன்றாக இருப்பதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் தணிந்தது. ஒரே கதையை ஒவ்வொரு படியிலும் புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த வழக்கும் ஓயாது. பணம் உள்ளவன் இழுத்துக்கொண்டே போவான், கூலிக்காரன் நடுவழியில் விழுவான். கீழே நிலைநாட்டிய உண்மையை மேலே எளிதில் அசைக்க முடியாது என்கிற அந்த நியதிதான் ஜெயித்த தொழிலாளிக்கும் காவல்.

நம் இராமநாதபுரம் மண் இதை எப்போதோ பார்த்திருக்கிறது. சேதுபதி சமஸ்தானத்து ராணி எடுத்த சுவீகாரம் செல்லாது, வாரிசில்லாத ஜமீன் அரசாங்கத்துக்கே சேரும் என்று அன்றைய மதுரைக் கலெக்டர் நின்றார். வழக்கு இங்கிருந்து கிளம்பிச் சென்னை ஏறி, லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1868-இல் சுவீகாரம் செல்லும் என்று தீர்ப்பு. எழுதிவைத்த சாஸ்திரத்தைவிட, தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் வலுவானது என்று அங்கே சொன்ன கருத்து இன்றைக்கும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. ‘நிரூபிக்கப்பட்ட’ என்பதில்தான் அதன் உயிர். ராணியானாலும் கம்ப்ரசர் ஓட்டுகிறவனானாலும் நிரூபணத்தைக் கீழேயே கட்டித்தான் கப்பலேற்ற வேண்டும்.

மேல்முறையீட்டுக் காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அன்றைய சட்டத்தில் 17-பி என்று ஒரு பிரிவு இருந்தது. மீண்டும் வேலை கொடு என்ற தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ போனால், வழக்கு முடிகிறவரை அந்தத் தொழிலாளி கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் தரவேண்டும். வேறு எங்கும் வேலையில் இல்லை என்று அவர் பிரமாண வாக்குமூலம் கொடுக்கவேண்டும். முடிவில் வழக்கில் தோற்றாலும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.

அந்த வாக்குமூலம் எழுதும்போது எனக்கு ஒரு சோதனை வந்தது. ஒரு கருவாட்டு மண்டியில் வாரத்தில் இரண்டு நாள் கணக்கு எழுதிக் கொஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தேன். “அதை எதுக்குச் சொல்றே, விட்டுடு” என்றார்கள் வேண்டியவர்கள். என் மனைவி மட்டும், “திருடன்னு சொன்னதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? இப்பப் பொய்யை எழுதுனா அவுக சொன்னது மெய்யாயிடும்ல?” என்றாள். உள்ளதை உள்ளபடி எழுதினேன். மூன்று மாதம் கழித்துக் கம்பெனி தரப்பு, இவர் மண்டியில் வேலை பார்க்கிறார் என்று மனுப் போட்டது. “அதை அவரே சொல்லியிருக்கிறாரே, அது குடும்பம் நடத்தப் போதுமான வருமானமா?” என்றார் நீதிபதி. 17-பி சம்பளம் உத்தரவானது. நமக்குப் பாதகமான உண்மையையும் நம் கையாலேயே முதலில் எழுதிவிட்டால், எதிராளி கையில் அது ஆயுதமாகாது. கோர்ட்டுக்கு வெளியேயும் இந்தப் பாடம் எனக்கு உதவியிருக்கிறது.

அந்த நாட்களில் இன்னொரு வழக்கை என் வக்கீல் சொல்லிக் கேட்டேன். கோலார் தங்கவயலில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஒருவர். வீட்டில் தங்கம் கிடைத்ததாக 1985-இல் தற்காலிக நீக்கம். நீக்கக் காலத்துக்கான பிழைப்பூதியம் கொடுக்கவில்லை. உடம்புக்கும் முடியவில்லை, விசாரணைக்கு வந்துபோகக் கையில் காசில்லை. அவர் இல்லாமலே விசாரித்து 1986-இல் டிஸ்மிஸ் செய்தார்கள். அடுத்த வருடமே கிரிமினல் கோர்ட் அவரை விடுதலை செய்தது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி முன் ஜெயித்து, இரட்டை நீதிபதிகள் முன் தோற்று, 1999-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். சாப்பாட்டுக்கே வழியில்லாமல் செய்துவிட்டு விசாரணைக்கு வா என்று கூப்பிட்டால் அது நியாயமான விசாரணை ஆகாது என்பதுதான் அதன் சாரம். தற்காலிக நீக்கத்தின் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளமாவது உண்டு. தராவிட்டால் கேட்கவேண்டும், எழுத்தில் கேட்கவேண்டும். கேட்ட கடிதமே பின்னால் வாதமாக நிற்கும்.

எந்த வாசலைத் தட்டுவது என்பதும் முக்கியம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் தமிழ்நாட்டில் ஒரே மூச்சில் வேலை இழந்ததை நம் மாவட்டமும் மறக்காது. நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பாயம் இவ்வளவு பேரைத் தாங்காது, இப்படி அசாதாரணமான நிலையில் உயர் நீதிமன்றமே கேட்டிருக்கலாம் என்றது. வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. மன்னிப்புக் கடிதமும் உறுதிமொழியும் கொடுத்துப் பெரும்பாலோர் திரும்பினார்கள். லட்சம் பேருக்கே வாசல் குழப்பம் என்றால் தனியாளுக்கு எவ்வளவு இருக்கும்! ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வழி, அரசு ஊழியருக்கு ஒரு வழி. கடையிலோ நிறுவனத்திலோ ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவருக்குத் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் தொழிலாளர் துறை அதிகாரியிடமே மேல்முறையீடு உண்டு. தப்பான வாசலில் நின்று கெடுவைத் தொலைத்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம் கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், அதற்கு மேல் புயலும் காற்றும். கடல் ஓய்ந்தால் மீன் கம்பெனியும் ஓயும். ஆட்குறைப்பு என்று நிறுத்தும்போது முறையான நோட்டீசும் இழப்பீடும் கேட்க, பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்ததைக் காட்டவேண்டும். காட்டவேண்டிய பொறுப்பு தொழிலாளி மேல்தான் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மஸ்டர் ரோலைக் கொண்டுவரச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்கலாம் என்ற ஆறுதலும் பிறகு வந்தது. அதனால் பிள்ளைகளிடம் சொல்கிறேன்: சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எப். எண், ஷிப்ட் போட்ட வாட்ஸ்அப் செய்தி, எதையும் அழிக்காதீர்கள். வேலை போன நாளிலிருந்து நாள் எண்ணுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், முன்பு 3 வருடமாக இருந்த கெடு 2 வருடமாகச் சுருங்கியிருக்கிறது. வேலை போனபின் வருமானம் இல்லாமல் இருந்தால் அதை மனுவிலேயே சொல்லுங்கள். ஓர் ஆசிரியையின் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், தவறான நீக்கம் என்றானால் முழுப் பின்னூதியமே பொதுவிதி என்றது. ஆனால் வேறு வேலை இல்லை என்று முதலில் சொல்லவேண்டியது தொழிலாளிதான் என்பதையும் சேர்த்துச் சொன்னது.

என் வழக்கின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தது. எங்கள் வழக்குக் கட்டுகளும் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்தன. யானைமலை தெரிகிற அந்தக் கட்டிடத்தில் 2006-இல் தனி நீதிபதி கம்பெனியின் மனுவைத் தள்ளினார். அவர்கள் அப்பீல் போனார்கள். 2007-இல் இரண்டு நீதிபதிகள் முன் வாதம் நடந்தபோது நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. நடுவில் மூத்த நீதிபதி, “டபிள்யூ செவன் எங்கே?” என்று கேட்டது மட்டும் காதில் தெளிவாக விழுந்தது. காகிதத்தைத் தேடி எடுத்து நீட்டினார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் நான் எழுதிய பதினோரு வரியை அவர் படித்துக்கொண்டிருந்தார். தபால்காரர் அப்போது உயிரோடில்லை. அப்பீல் தள்ளுபடியானது.

ஐம்பத்து நான்கு வயதில் மறுபடி அதே கம்ப்ரசர் முன்னால் போய் நின்றேன். நாலு வருடம் ஓட்டிவிட்டு 2011-இல் ஓய்வுபெற்றேன். தொடர்பணி என்று தீர்ப்பில் இருந்ததால், வெளியில் அலைந்த வருடங்களும் சேர்ந்து வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் கணக்கில் பணிக்கொடை வந்தது. அந்த ஒரு வார்த்தையின் விலை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பதினான்கு வருடம் சின்ன விலை இல்லை. மகளின் படிப்பு நின்றது, என் அம்மா தீர்ப்பைப் பார்க்காமலே போனாள். லேபர் ஆபீசில் இரண்டு வருடச் சம்பளம் தருகிறோம், விலகிக்கொள் என்று கம்பெனி சொன்னபோது நான் மறுத்தேன். என் மேல் திருடன் என்ற சொல் இருந்தது. அதை அழிக்காமல் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் என்னோடு வேலை இழந்த இன்னொருவர் பணத்தை வாங்கி நாட்டுப்படகு ஒன்று கட்டிப் பிள்ளைகளைக் கரையேற்றினார். அவர் செய்ததும் சரிதான். வேலை வேண்டுமா, பணம் வேண்டுமா, பெயர் வேண்டுமா என்று முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். அது தெரியாமல் அப்பீல் போகிறவன், ஜெயித்தாலும் எதை ஜெயித்தோம் என்று தெரியாமல் நிற்பான்.

குந்துகால் பையனுக்கு இதெல்லாம் சொன்னேன். இன்னும் டிஸ்மிஸ் உத்தரவு கைக்கு வரவில்லை, வாட்ச்மேன் வாயால் உள்ளே விடமாட்டோம் என்று சொன்னதோடு சரி என்றான். அப்படியானால் நேரம் இருக்கிறது. உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன்.

“என்னத்தை எழுதணும்யா?”

“முதல்ல இன்னிக்குத் தேதியைப் போடு.”

போட்டான்.